கப்பல் வீட்டின் நிலைப்படி

“சேர், இதையும் உடைச்சி மட்டமாக்கிருவமா?” என்று போன கிழமை டைல்ஸ் பதிக்க வந்த மேசன் கேட்டார். கல்முனைக்குடியில் என் மச்சினியின், அதாவது என் மனைவியின் தங்கையின் வீடு அது. மற்ற அறைகளுக்கெல்லாம் பளபளவென்று தரை போட்டு முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது பின்னறை. அதன் வாசலில்தான் அவர் அலவாங்கை, அந்தக் கனத்த கடப்பாரையை, ஊன்றிக்கொண்டு நின்றார். வாசலுக்குக் குறுக்கே, ஒன்றரைச் சாண் உயரத்தில், செங்கல்லும் சீமெந்துமாய் ஒரு நிலைப்படி. நடுவில் ஒரு பாதம் நுழையும் அகலத்துக்கு அது உடைந்து, உடைந்த விளிம்பு வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் குடும்பத்தில் யார் வீட்டில் ஒரு கல் பெயர்ந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். மதகு, வாய்க்கால், அணைக்கட்டு என்று காலமெல்லாம் இடிக்கவும் கட்டவும் சொல்லியே சம்பளம் வாங்கியவனுக்கு இந்த ஒன்றரைச் சாண் கல்லைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. “கொஞ்சம் பொறுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு ஒரு பிளேன்டீ கேட்டேன்.

அந்தப் படியைக் கட்டியவர் என் மாமா, என் மனைவியின் வாப்பா. ஊரில் அவரை ‘வேன் காக்கா’ என்பார்கள். அவருடைய வயதுக்காரர்கள் மட்டும் ‘நேவிக்காரன்’ என்பார்கள். இளந்தாரியாக இருந்தபோது குடும்பத்தாருக்கு இறக்காமத்தில் வயல் இருந்தது. யானைக் காவலுக்குப் பரணில் இருக்கச் சொல்லி இவரைத்தான் அனுப்பினார்களாம். ஒரு போகம் இருந்தார். அடுத்த போகத்துக்கு ஆளைக் காணவில்லை. திருகோணமலைக்குப் போய்க் கடற்படையில் சேர்ந்துவிட்டார். “யானைக்குப் பயந்து கடலுக்குப் போனவன்” என்று ஊர் அவரைக் கடைசி வரைக்கும் பகிடி பண்ணியது. அவர் கோபிக்க மாட்டார். “யானைக்கு ஆரு பயந்த? ஒரே பரண்ல குந்திக்கிட்டு இரிக்கிறதுக்குத்தான் பயந்தன்” என்பார். அது பகிடியில்லை, உள்ளதைத்தான் சொன்னார் என்று எனக்கு விளங்கப் பல வருஷங்கள் ஆயின.

கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. கொச்சி, சிங்கப்பூர் என்று சில துறைமுகங்களும் பார்த்தவர். கடற்படையை விட்டு வந்த கையோடு கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு விற்பனையாளராகச் சேர்ந்தார். சவர்க்காரம், டோர்ச் பற்றரி, தேயிலைப் பக்கற், பிஸ்கற் எல்லாம் ஏற்றிய வேனில் பொத்துவிலிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்குவார். வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவார். சனிக்கிழமை பின்னேரத் தொழுகையான அசருக்கு வேனின் டயரை உதைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார். மாமி அதைப் பார்த்தாலே அடுப்பில் வழிச் சோற்றுக்கு அரிசி போட்டுவிடுவாவாம். இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த வெள்ளிக்கிழமைகளுக்குள்தான் வளர்ந்தார்கள்.

எங்கள் கரையோரத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குரியது. மகள் பெரியவளாக வளர வளரத் தகப்பன் அவளுக்கென்று கல்லும் மண்ணும் சேர்ப்பான். கலியாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து அந்த வீட்டில் ஏறுவான். அவன் ஏறினால் தகப்பனும் தாயும் முன்னறையை விட்டுப் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு, இன்னொரு ஒதுக்கம். ஆண்பிள்ளை பிறந்தது உம்மாவின் வீட்டில், வாழ்வது பெண்டாட்டியின் வீட்டில், முடிவது மகளின் வீட்டில். யாரும் இதைக் குறையாக நினைப்பதில்லை. நானும் நிந்தவூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து ஏறியவன்தான்.

மாமாவின் விதியில் என்ன நடந்ததென்றால், கொம்பனி அவரை ஓய்வு கொடுத்து அனுப்பியதும் நான் அந்த வீட்டில் ஏறியதும் ஒரே மாதத்தில். எழுபதுகளின் கடைசி அது. பாவி மனுஷன் காலமெல்லாம் ஓடிவிட்டு இனி வீட்டில் இருக்கலாமென்று வந்து பார்க்கிறார், வீட்டில் நான் இருக்கிறேன். முன்னறையில் புதுக் கட்டில், புது மெத்தை, அதில் புது மாப்பிள்ளை. கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் அறைக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தால் தோளில் துவாயோடு மாமா. சவரக் கத்தி அந்த அறை அலுமாரிக்குள் மாட்டிக்கொண்டதாம், எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். அவர் காசில் கட்டிய வீடு, அவர் வாங்கிய அலுமாரி. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு போகும்போது, “வெக்கப்படாதீங்க மருமகன். நாம ரெண்டு பேரும் இஞ்ச விருந்தாளிதான். நீங்க புது விருந்தாளி, நான் பழசு” என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

ஆனால் மனுஷனுக்கு இருக்கத் தெரியாது. குசினிக்குப் பக்கத்தில் மாமியும் அவருமாய் ஒதுங்கிய சின்ன அறையில் அவர் படுத்து நான் கண்டதில்லை. கான்வஸ் கட்டிலை இன்றைக்கு வேப்ப மரத்தடியில் போடுவார், நாளைக்குக் கிணற்றடியில், மறுநாள் விறகுக் கொட்டிலில். சுபஹு தொழுதுவிட்டு வளவுக்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடப்பார். மூலைக்கு வந்ததும் சட்டென்று குதிகாலில் திரும்புவார், கப்பல் தட்டில் அப்படித்தான் நடக்க வேண்டுமாம். வெயில் ஏறினால் சாரனை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போவார். எந்த பஸ் முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறுவார். அக்கரைப்பற்றுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார். சாரதிமார் எல்லோரும் அவருக்குப் பழக்கம்.

வழியில் இறங்கினால் கடைக்காரருக்குத்தான் கஷ்டம். கடைக்குள் போய் ராக்கையில் பின்னுக்குக் கிடக்கும் தன் பழைய கொம்பனியின் சவர்க்காரத்தை எடுத்து முன்னுக்கு அடுக்குவார். மற்றக் கொம்பனிச் சாமானைப் பின்னுக்குத் தள்ளுவார். “என்ன காக்கா, நீங்கதான் வேலைய உட்டு நிண்டிட்டீங்களே?” என்று கேட்டால், “கைக்குத் தெரியாதே தம்பி” என்பார். ஒருமுறை சம்மாந்துறையில் அவருடைய இடத்துக்கு வந்த புது விற்பனையாளனே அவரைக் கண்டு, மற்றக் கொம்பனியின் ஆள் என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விட்டான். அதை மாமா எங்களுக்கு நடித்தே காட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை.

மாமியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மருமகனோடு மாமியார் முகம் கொடுத்துக் கதைக்கிற வழக்கம் அன்று இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்வது போலச் சொல்வா. முக்காட்டின் ஓரமும் ஒரு கையும்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் அப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தா: “கப்பல்ல இரிக்கக்குள்ள கடிதம் வந்திச்சி. வேன்ல இரிக்கக்குள்ள வெள்ளிக்கெழம வந்தாரு. இப்ப வீட்ட வந்து இரிக்காரு எண்டு ஊரெல்லாம் சொல்றாங்க, எனக்கு மட்டும் காணக் கெடைக்கல்ல புள்ள.” இது எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு நெஞ்சில் தைத்தது. அந்த மனுஷிக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், புருஷன் ஒரு கூரைக்குக் கீழே தன்னோடு தரிக்க வேண்டும். முப்பது வருஷமாக அதற்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

எண்பதுகளின் தொடக்கத்தில் சின்ன மகளுக்கு வீடு கட்டும் வேலை தொடங்கியது. பெரிய ரோட்டுக்கு மேற்கே, வயல் பக்கம் சரிந்த ஒரு துண்டுக் காணி. அந்த வேலை நடந்த காலம் முழுக்க மாமா பஸ் ஏறவில்லை. மணல் குவியலுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தார். மாமி சோறு கட்டிக்கொண்டு போவா. வீட்டின் கடைசியில் பின்னறை ஒன்றை அடையாளம் போட்டுக் காட்டி, “இது நமக்கு. இதுக்குப் பொறகு நான் எங்கயும் போக மாட்டன்” என்று சொன்னாராம். மாமி அதை மகளிடம் சொல்லி, மகள் என்னிடம் சொல்லி, அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள்.

வீடு வளர வளரத்தான் ஊர் சிரிக்கத் தொடங்கியது. அறைகள் ஒடுக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. கட்டில்களைச் சுவரோடு சேர்த்துச் சீமெந்தால் கட்டிவிட்டார், ஆடினாலும் விழாதாம். வீடு எங்கே ஆடப் போகிறது என்று கேட்டால் அடுத்த கட்டிலுக்குச் சீமெந்து குழைக்கச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நிலைப்படிகள். கப்பலில் ஒவ்வொரு கதவுக்கும் அடியில் உயரமாக இரும்புத் தடுப்பு இருக்கும், ஒரு அறைக்குள் தண்ணீர் வந்தால் மற்ற அறைக்குப் போகாது. அதைப் போலவே முன்வாசலிலிருந்து குசினி வரைக்கும் ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்றரைச் சாண் உயரத்தில் கட்டவைத்தார். காரைதீவிலிருந்து வந்த மேசன் தலையில் அடித்துக்கொண்டார். நான் என் உத்தியோகத்தை நினைத்து, “மாமா, தப்பித் தவறித் தண்ணி உள்ள வந்தா எப்படி வெளிய போற? அடியில ஒரு ஓட்டையாவது வைங்க” என்றேன். “உள்ள வராது மருமகன். வரவிடாமத்தானே இது” என்றார். மதகு இல்லாத அணைக்கட்டை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனால் மாமனாரோடு எவ்வளவுதான் வாதாட முடியும்? ஊர் அதற்குக் ‘கப்பல் வீடு’ என்று பெயர் வைத்தது.

மருதமுனையிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் உம்மாவும் இரண்டு பெண்களும் வீடு பார்க்க வந்தார்கள். அந்த மனுஷி கொஞ்சம் தாட்டியான உடம்பு. முன்வாசலில் தட்டுப்பட்டு, கூடத்தில் தட்டுப்பட்டு, குசினி வாசலில் விழவே போய்விட்டா. வெற்றிலை போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னா: “வீடு நல்லம். ஆனா எங்கட மகன் கப்பல்காரன் இல்லையே.” போன பிறகு இடையில் நின்றவர் வந்து சொன்ன செய்தி, படிகளை எல்லாம் உடைத்து மட்டமாக்கினால் மேற்கொண்டு கதைக்கலாம் என்பது. மாமா முடியாது என்றார். நானும் சொல்லிப் பார்த்தேன். “கடைக்காரன் பொறகு வாங்க எண்டா இல்ல எண்டு அருத்தமில்ல மருமகன். நாளைக்கு அவங்களே வருவாங்க” என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. “இது சவுக்காரம் இல்ல, புள்ளட வாழ்க்க.” அன்றிலிருந்து மாமி அவரோடு கதைக்கவில்லை. சின்ன மகள் தைத்துக்கொண்டிருந்த தலையணை உறைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மாமா மறுபடியும் பஸ்ஸில் ஏறத் தொடங்கினார். கொஞ்ச நாள் கழித்து அக்கரைப்பற்றோடு நிற்காமல் பொத்துவில் வரைக்கும் போய்வந்தார்.

அந்த வருஷத்து மாரி சும்மா விடவில்லை. வாவியும் வயலும் ஒன்றாகி, வெள்ளம் ஒழுங்கைச் சந்துகளுக்குள் ஏறியது. அக்கம்பக்கத்து வீடுகளில் பாய் மிதந்தது. கப்பல் வீட்டுக்குள் ஒரு துளி வரவில்லை. மாமா முன்வாசலில் படிக்கு உள்ளே நின்றுகொண்டு, படியின் விளிம்பு வரைக்கும் தளும்பிய தண்ணீரைப் பார்த்து, “வாங்க, வாங்க, காலத் தூக்கி வைங்க” என்று அயலாரை எல்லாம் உள்ளே அழைத்தார். பிள்ளைகள், கோழிகள், ஒரு தையல் இயந்திரம், இரண்டு ஆடுகள். முதல் நாள் பகிடி பண்ணிய வாய்களெல்லாம் அன்றைக்கு அவரைப் புகழ்ந்தன. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மாமியும் கோபத்தை மறந்து எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினா.

மறுநாள் காலையில் தண்ணீர் இன்னும் நாலு விரல் கூடியது. படியைத் தாண்டி உள்ளே விழுந்தது. பின்னேரத்துக்குள் வெள்ளம் வற்றிவிட்டது. ஒழுங்கை வற்றியது, அயல் வீடுகள் வற்றின. கப்பல் வீடு மட்டும் வற்றவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது, உள்ளே ஒவ்வொரு அறையும் ஒரு குளம். போக வழியில்லாமல் தண்ணீர் படிகளுக்குள் நிம்மதியாக நின்றது. கூடத்தில் குறவை மீன் ஓடியது. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. வாளி, சட்டி, அண்டா, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லோரும் இறைக்கத் தொடங்கினோம். படி தாண்டி ஊற்றுவதால் முதுகு முறிந்தது.

அந்த நேரத்தில்தான் மருதமுனையிலிருந்து சோற்றுப் பார்சல்களோடு நாலைந்து இளந்தாரிகள் வந்தார்கள். வெள்ளத்தில் அகப்பட்டவர்களுக்கு அவர்களுடைய ஊர்ப் பள்ளியில் சமைத்த சோறு. அதில் ஒருவன் வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கி வைத்து இறங்கி, ஒரு சட்டியை எடுத்து மாமாவுக்குப் பக்கத்தில் நின்று இறைக்க ஆரம்பித்தான். இரண்டாம் வாசலில் கணைக்கால் படியில் அடிபட்டுத் தோல் வழன்று இரத்தம் வந்தது. அவன் குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் இறைத்தான். அவன்தான் பேசி நின்ற மாப்பிள்ளை என்று யாரோ வந்து என் காதில் சொன்னார்கள். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குள் கால் வைப்பதா? பெண்கள் எல்லோரும் குசினிக்குள் ஓடினார்கள். மாமா அந்தக் கணைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரை காய்ந்த பிறகு மாமா காரைதீவுக்குப் போய் மேசனிடம் அலவாங்கை இரவல் வாங்கி வந்தார். மேசன் கூட வருவதாகச் சொன்னாராம், வேண்டாம் என்றிருக்கிறார். முன்வாசலில் தொடங்கி ஒவ்வொரு படியாகத் தன் கையாலேயே உடைத்தார். நான் உதவிக்குப் போனேன், தலையை ஆட்டிவிட்டார். பின்னறை வாசலுக்கு வந்ததும் நிறுத்தினார். “அதெல்லாம் அவங்கட வீடு. இது எங்கட” என்று சொல்லி அலவாங்கைச் சுவரில் சாத்தினார். அதை மேசன் பிறகு வந்து கேட்கவில்லை, அது வீட்டோடு தங்கிவிட்டது. அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. என் சகலன் மட்டமான முன்வாசலால் ஊர்வலமாக வந்து ஏறினான். கணைக்காலில் பட்ட அடியின் ஞாபகத்தில் காலைத் தூக்கி வைத்ததைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது.

சொன்ன சொல்லை மாமா காப்பாற்றப் பார்த்தார், அதை நான் மறுக்க மாட்டேன். பின்னறையில் மாமியோடு இருந்தார். ஆனால் ஒரு கிழமை நல்லாயிருந்தால் மறு கிழமை காற்சட்டை போட்டுவிடுவார். அதற்குள் யுத்தம் வந்து காலமும் கெட்டுவிட்டது. ரோட்டில் சோதனைச் சாவடிகள் வந்தன. ஊரடங்கு வந்தது. காலையில் போன பஸ் பின்னேரம் வருமா என்று யாருக்கும் தெரியாது. பழைய நேவிக்காரன் என்று தெரிந்தால் இராணுவம் தோளில் தட்டும், இயக்கம் சந்தேகமாகப் பார்க்கும். மாமி பயந்து போய், கடற்படைக் காலத்துத் தொப்பியையும் அரைப்பட்டியையும் புதைத்துவிட்டா. மாமா தொப்பியில்லாமல் பட்டியில்லாமல் அக்கரைப்பற்றுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு பின்னேரமும் மாமி பின்னறை வாசலில் அந்தப் படியின் மேல் உட்கார்ந்து வரிசை வாசல்களுக்கூடாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பா.

பிறகு ஒருநாள் தொழுகைக்கு முன் கை கால் கழுவ, வுழூச் செய்யக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். உயிர் தப்பியது, வலது பக்கம் போய்விட்டது. சில மாதத்தில் கம்பை ஊன்றி நாலு எட்டு நடக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் வலது கால் தரையை விட்டு எழும்பாது, இழுபடும். அறைக்குள் நடக்கலாம், வாசலுக்கு வந்தால் படி. தூக்கினால்தான் தாண்டலாம். மகன்மார் இல்லாத வீடு. சகலன் கடைக்குப் போய்விடுவான், நான் நீர்ப்பாசனத் திட்டத்து வேலைக்குப் போய்விடுவேன். “உடைச்சிருவம் மாமா” என்றேன். “வேணாம்” என்று கையை அசைத்தார். ரோசம். மாமியும் கதவுக்குப் பின்னாலிருந்து, “கொஞ்ச நாளைக்கு இரிக்கட்டும் எண்டு சொல்லு புள்ள” என்றா. எனக்கு அது சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த மாதங்களில் மாமியைப் போலச் சந்தோஷமான ஒரு மனுஷியை நான் கண்டதில்லை. அவருக்குத் தலை வாரிவிடுவா, மீனில் முள் எடுத்துக் கொடுப்பா, பழங்கதை எல்லாம் கேட்பா. முப்பது வருஷத்துக் கணவனை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டவ போல இருந்தா. மாமாவும் கோணிய வாயால் சிரித்து, “கிழவி நங்கூரம் போட்டிட்டா” என்பார். ரோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டால் மட்டும் கதையை நிறுத்திவிடுவார். அது அடங்கும் வரைக்கும் கம்பு தரையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

அன்று நான் ஏதோ காரணத்துக்கு நேரத்தோடு வேலை விட்டு, கப்பல் வீட்டுக்கு வந்திருந்தேன். கூடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மாமி கிணற்றடியில் உடுப்புக் கழுவப் போயிருந்தா. திரும்பி வந்தவ பின்னறை வாசலில் அப்படியே நின்றா. மாமா தரையில் உட்கார்ந்து, செத்த காலை இடது கையால் தூக்கிப் படிக்கு வெளியே போட்டிருக்கிறார். மற்றக் கால் உள்ளே. படியின் மேல் குதிரையில் ஏறியவர் மாதிரி இருந்துகொண்டு முன்னுக்கும் வர முடியவில்லை, பின்னுக்கும் போக முடியவில்லை. காற்சட்டை போட்டிருந்தார். மாமியைக் கண்டதும் களவு செய்து பிடிபட்டவர் போல முழித்துவிட்டு, “கப்பல் தரை தட்டிப் போச்சிகா” என்று சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

மாமி அவரை அக்குளில் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் இருத்தினா. வெளியே போனா. வரும்போது கையில் அலவாங்கு. முக்காடு கழுத்தில் விழுந்து கிடந்தது. படியின் நடுவில் ஓங்கிக் குத்தினா. நான் ஓடிப்போனேன். “கிட்ட வராதீங்க மருமகன், கல்லுத் தெறிக்கும்” என்றா. அதுதான் மாமி என் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை. நான் நின்றுவிட்டேன். மூச்சு வாங்க வாங்கக் குத்தினா. முழுப் படியையும் உடைக்கவில்லை. ஒரு பாதம் இழுபட்டுப் போகும் அளவுக்கு உடைத்ததும் நிறுத்தி, அலவாங்கைப் போட்டுவிட்டு, உடைந்த துண்டுகளைக் கையால் கூட்டி அள்ளினா. கை முழுக்க இரத்தம். “எங்க போகப் போறீங்களோ போங்க. இனி ஒங்கள மறிக்கல்ல” என்றா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நில்லுங்க, நானும் வாறன்” என்றா.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ரோட்டுக்குப் போனார்கள். மாமி அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தா. தெரிந்த சாரதி, தரிப்பிடம் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, கொண்டக்டர் இறங்கித் தூக்கி ஏற்றினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அன்றுதான் அவர்கள் ஒன்றாக பஸ்ஸில் ஏறினார்கள். அக்கரைப்பற்றில் இறங்கவுமில்லை. இருந்த இருப்பிலேயே தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினார்கள். என் மனைவி தாயிடம், “என்ன உம்மா பாத்தீங்க?” என்று கேட்டாள். “கடதான் பாத்தன். ஒவ்வொரு கடயா ஆளட பேரச் சொல்லிச் சொல்லிக் காட்டினாரு. இவ்வளவு இடத்தையும் உட்டுப்போட்டு மனிசன் எப்படி வீட்ட இரிக்கிற?” என்றா. ரோடு திறந்திருந்த நாட்களில் அதற்குப் பிறகும் போனார்கள். இடம் பிடித்து வைக்க மாமிக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டாவது மாரி வருமுன் மாமா போய்விட்டார். பின்னறையில், மாமியின் மடியில் தலை வைத்து. அதன்பிறகு பல வருஷம் மாமி அந்த அறையிலேயே இருந்தா. தூக்கி வைக்கக் காலில் பலமிருந்த நாளிலும் அந்த உடைந்த இடத்தில் கால் வைத்துத்தான் போய் வந்தா. அந்த வழுவழுப்பு அப்படி வந்தது.

பிளேன்டீ முடிந்தது. மேசன் இன்னும் அலவாங்கோடு நின்றார். மச்சினி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது நிக்கட்டும் தம்பி. உள்ளுக்கு டைல்ஸப் போடுங்க, வாசலோட நிப்பாட்டுங்க” என்றேன். மேசன் ஒரு மாதிரிப் பார்த்தார், ஓவசியர் சேருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். அளவைச் சரிபார்க்க அறைக்குள் போனேன். இந்த நாற்பது வருஷமாக அந்தப் படியை நான் காலைத் தூக்கி வைத்துத்தான் தாண்டியிருக்கிறேன். உள்ளே போகும்போதும் அப்படித்தான் போனேன். திரும்பி வரும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, எழும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ரோட்டில் அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மாமி உடைத்த இடத்தில் காலை வைத்து வெளியே வந்தேன்.